ஏலத்துக்குப் பிறகும் கணக்கு இருக்கிறது: வங்கிப் பணிப்பாளர் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்தில் கிளை வைத்திருக்கும் வங்கிகளின் பணிப்பாளர் சபை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இதை உங்கள் கிளை முகாமையாளர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. ஈடு வைத்த வீட்டை ஏலத்தில் விற்கும் அதிகாரம் முகாமையாளரிடம் இல்லை. வங்கிகள் கடன்களை அறவிடுவதற்கான 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் அதை உங்கள் கையில்தான் கொடுத்திருக்கிறது. பராட்டே சட்டம் என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதில் நீதிபதி இல்லை, சாட்சி இல்லை, மறுதரப்பு என்ன சொல்கிறது என்று கேட்க ஒருவரும் இல்லை. கொழும்பில் நீங்கள் கூடி ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் போதும், உரும்பிராயில் ஒரு வீட்டுப் படலையில் அறிவித்தல் தொங்கும். எனவே முகாமையாளரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. அந்தப் பிள்ளைகள் மேலிடத்துக் கடிதத்தைக் கையளிக்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் சட்டத்தரணி அல்லன். ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் காணி உறுதி எழுதும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போதும் அயலவர்கள் வங்கியிலிருந்து வந்த கடிதங்களைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்பார்கள். அநேகமாக ஆங்கிலக் கடிதம். அப்படி வாசித்துச் சொன்னவற்றில் இருந்துதான் இந்த மடல் வருகிறது. ஆட்களின் பெயரையோ வங்கியின் பெயரையோ நான் எழுதப்போவதில்லை.

கடன் எடுத்தவர் கட்டத்தான் வேண்டும். உங்கள் பெட்டகத்தில் இருக்கும் காசில் எங்கள் ஆட்களின் நிலையான வைப்பும் இருக்கிறது; கனடாவிலும் சுவிஸிலும் பிள்ளைகள் இரவு வேலை செய்து அனுப்பிய காசு. ஏலமே கூடாது என்று நான் கேட்கவில்லை. ஏலம் முடிந்த அடுத்த நாளிலிருந்து என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி. சுத்தியல் விழுந்ததும் எல்லாம் போய்விட்டது என்று வீட்டுக்காரர் நினைக்கிறார். உங்கள் அறவீட்டுப் பிரிவும் அப்படியே நினைக்க விடுகிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

அதற்குள் போக முன்னர், வீடுகள் எப்படி அந்த மேசைக்கு வந்தன என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2022 மார்ச்சில் மத்திய வங்கி உங்களுக்குக் கடன் தரும் வீதம் 7.5 ஆக இருந்தது. ஏப்ரல் 8 ஆம் திகதி ஒரேயடியாக 14.5 ஆனது. 2023 மார்ச்சில் 16.5 வரை போனது. மாறும் வட்டியில் வீட்டுக்கடன் எடுத்தவர்களுடைய தவணையும் கூடவே ஏறியது. 2022 செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற மாதங்களில் தவணைக்கும் காசு தேடியவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். அவர்களை ஊதாரிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாடாளுமன்றமும் நிலைமையைப் பார்த்து 2024 இல் உங்கள் ஏல அதிகாரத்தை அந்த ஆண்டு டிசெம்பர் 15 வரை நிறுத்தி வைத்தது. பிறகு அது 2025 மார்ச் 31 வரை நீடிக்கப்பட்டது. நின்றது ஏலம் மட்டும்தான். அந்த மாதங்களில் வட்டியும் நின்றதாக நான் வாசித்த எந்தக் கணக்கிலும் இல்லை.

இனி யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு சிக்கல். இங்கே வீடு பெரும்பாலும் பெண்ணின் பெயரில் இருக்கும். தாய் தகப்பன் சீதனமாகவோ நன்கொடையாகவோ எழுதிக் கொடுத்தது. கடன் எடுப்பவர் அநேகமாகக் கணவர்: கடைக்கு, லொறிக்கு, மகனை வெளியில் அனுப்ப. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் காணியை ஈடு வைப்பதானால் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911 ஆம் ஆண்டிலிருந்து எங்கள் விவாக உரிமைக் கட்டளைச்சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கணவருடைய கடனுக்கு அவளுடைய வீடு போகும்போது, என்ன நடக்கலாம் என்று அவளுக்கு யார் சொல்கிறார்கள்? நொத்தாரிசு அலுவலகத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். பத்துப் பதினைந்து பக்க ஆங்கில உறுதி. எங்கே கையெழுத்து என்று விரலால் காட்டுவோம். அவ வைப்பா. (அந்தக் கட்டளைச்சட்டத்தை இன்னும் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கிறோமே என்பது எனக்கு வேறொரு கோபம். அதற்கு வேறு ஆட்களுக்கு எழுத வேண்டும்.)

கடன் வாங்காத மூன்றாம் ஆள் பிணையாக வைத்த ஆதனத்தைப் பராட்டே வழியில் விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பாகச் சொன்னது. 2006 ஆம் ஆண்டின் இலங்கைச் சட்ட அறிக்கைகளில் அது கிடக்கிறது. பின்னால் வந்த தீர்ப்புகள் விலக்குகளும் வைத்தன. உங்கள் சட்டப் பிரிவுகளும் பாடம் படித்துவிட்டன போலிருக்கிறது. எனக்கு இப்போது வருகிற கோப்புகளில் மனைவி பிணையாளி அல்ல, இணைக் கடனாளி. ஒரு சதம் கையில் வாங்காத மனிசி, தன் சீதன வீட்டுக்கு எதிராகத் தானே கடன் எடுத்தவளாகிவிடுகிறாள்.

இன்னொரு தந்திரமும் உண்டு. 2011 ஆம் ஆண்டுத் திருத்தம், முதல் தொகை 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடனுக்கு இந்த ஏல வழி இல்லை என்று எல்லை போட்டது. அந்தத் தொகையைக் கணக்கிடும்போது வட்டியையும் தண்டத்தையும் சேர்க்கக் கூடாது என்றும் அதுவே சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் தவணை தவறியவரைக் கூப்பிட்டு, "உங்களுக்கு உதவி செய்கிறோம், கடனை மீள் அட்டவணைப்படுத்துவோம்" என்று சொல்லி, நிலுவை வட்டி முழுவதையும் முதலோடு கலந்து புதுக் கடனாக எழுதினால்? 42 இலட்சம் வாங்கியவர் 55 இலட்சம் வாங்கியவராகிவிடுகிறார். கையெழுத்து வைக்கும்போது நன்றி வேறு சொல்லிவிட்டு வருவார். இப்படிப்பட்ட கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது முதல் கடன் எவ்வளவு என்று சபையில் யாராவது கேட்கிறீர்களா?

அறிவித்தல்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தீர்மானத்தை வர்த்தமானியிலும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்று மொழி நாளிதழ்களிலும் போட வேண்டும், கடனாளிக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும் என்பது சட்டம். ஏலத் திகதி குறித்த அறிவித்தல் காணியிலும் கச்சேரியிலும் (மாவட்டச் செயலகத்தில்) ஒட்டப்பட வேண்டும். போடுகிறீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்துக் காலைகள் எங்கள் ஊர்ப் பத்திரிகைகளான உதயனோடும் வலம்புரியோடும் விடிபவை. அறிவித்தல் வருவதோ கொழும்புப் பத்திரிகை ஒன்றின் உள்பக்கத்தில். பதிவுத் தபால் போவது உறுதியில் உள்ள விலாசத்துக்கு; அந்த விலாசத்தில் இப்போது வாடகைக்கு இருப்பவர் வாங்கி வைத்திருப்பார். வீட்டுக்காரருக்குத் தெரிய முன்னர் தரகருக்குத் தெரிந்துவிடுவதுதான் எனக்கு விளங்காத புதினம். "இருபதாயிரம் தாருங்கோ, மேலிடத்தில் கதைச்சு நிப்பாட்டித் தாறன்" என்று ஒருவர் வருவார். காசு போகும், ஏலமும் நடக்கும். அவர்களுக்குக் கோப்பு விபரம் எங்கிருந்து கிடைக்கிறது என்று உங்கள் உள்ளகக் கணக்காய்வாளர்களைக் கேளுங்கள்.

சரி, ஏலம் முடிந்துவிட்டது. இனித்தான் நான் எழுத வந்த விசயம்.

எங்கள் ஊரில் ஏல வீட்டுக்கு ஆள் வராது. ஒரு குடும்பத்தின் கண்ணீரோடு போன வீட்டில் விளக்கேற்றினால் பாவம் பிடிக்கும் என்று பயம். பயம் இல்லாதவருக்கும் அயலவன் முகத்தில் முழிக்க வெட்கம். அந்தப் பண்பு நல்லதுதான். ஆனால் அதன் நட்டம் முழுவதும் வீட்டுக்காரருக்கே போகிறது. கேட்க ஆளில்லாத ஏலத்தில் வங்கியே வாங்கிக்கொள்கிறது, அதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. நீங்கள் நிர்ணயிக்கும் விலையில் நீங்களே விற்று நீங்களே வாங்குகிறீர்கள். பிறகு ஆறுதலாக, ஊர்ச் சத்தம் அடங்கிய பின், வெளிநாட்டிலிருந்து வந்த யாருக்காவது நல்ல விலைக்குக் கொடுக்கிறீர்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இது உதாரணம்தான். நிலுவை 90 இலட்சம். ஏலத்தில் வங்கி 60 இலட்சத்துக்கு வாங்குகிறது. வீட்டுக்காரர் வெளியேறுகிறார். ஒரு வருடம் கழித்து அதே வளவும் வீடும் 120 இலட்சத்துக்குப் போகிறது. இதற்கிடையில் வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம்: மிச்சம் 30 இலட்சம், அதற்கு வட்டி, ஏலச் செலவு, பத்திரிகை விளம்பரம், மதிப்பீட்டாளர் கூலி, சட்டச் செலவு, கட்டாவிட்டால் வழக்கு. அந்த 120 இலட்சம் இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது? வீட்டை எடுத்த நாளில் இருந்து தண்ட வட்டி ஓடியதா, நின்றதா? உங்கள் புத்தகத்தில் அந்தக் கடன் மூடப்பட்டதா, இன்னும் திறந்திருக்கிறதா? கடன் தகவல் பணியகத்தில், அதுதான் கிரிப்பில், அந்தப் பெயர் எப்படி இருக்கிறது? கேட்டால் கிளையில் "தலைமை அலுவலகத்தில் கேளுங்கள்" என்கிறார்கள். தலைமை அலுவலகத்தில் கேட்டால் "சட்டப் பிரிவில் இருக்கிறது" என்கிறார்கள். சட்டப் பிரிவுக்குத் தமிழில் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்ததை நான் காணவில்லை.

விற்ற காசில் நிலுவையும் செலவும் போக மிஞ்சியது கடனாளிக்கு உரியது என்று 1990 ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. மிஞ்சியதா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் கணக்கு வேண்டும். கணக்கைக் கேட்கிற உரிமையே தனக்கு இருப்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது. வீட்டை இழந்த வெட்கத்தில் அவர் வங்கி வாசலை மிதிக்கவும் மாட்டார். இந்த வெட்கத்தில் உங்கள் அறவீட்டுப் பிரிவு சுகமாகக் குளிர்காய்கிறது என்று சொன்னால் கோபிக்காதீர்கள்.

இதைவிடப் பெரிய மறைப்பு ஒன்று உண்டு. ஏலத்தில் வாங்கியது வங்கியே என்றால், அதை இன்னொருவருக்கு விற்கும் வரைக்கும் கதவு முழுதாகப் பூட்டப்படவில்லை. கடனாளியோ அவர் சார்பில் வேறொருவரோ நிலுவையையும் செலவையும் அதற்கான வட்டியையும் கட்டினால், விற்பனையை இரத்துச் செய்யும் அதிகாரத்தைச் சட்டம் உங்கள் சபைக்குத் தந்திருக்கிறது. அவர் சார்பில் வேறொருவர்! யாழ்ப்பாணத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். தம்பி லண்டனில், மச்சாள் பரிசில், பெறாமகன் ரொறொன்ரோவில். தாய் பிறந்த வீடு போகிறது என்று தெரிந்தால் சீட்டுக் கழித்தாவது, அங்கே கடன் எடுத்தாவது அனுப்பக்கூடிய சனம். ஒற்றிக்குப் போன காணியைத் தலைமுறை கழித்தும் மீட்ட குடும்பங்களின் உறுதிகளை நானே எழுதியிருக்கிறேன். ஆனால் ஏலத்துக்குப் பிறகு வரும் கடிதங்களில் இந்த வழியைப் பற்றி ஒரு வரி இருப்பதில்லை. வெளியேறும் திகதி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மூத்த மகன் வெளிநாட்டிலிருந்து காசைச் சேர்த்துக்கொண்டு கேட்டபோது கிளையில் "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லி அனுப்பினார்கள். வீடு அப்போதும் வங்கியின் பெயரில்தான் இருந்தது. காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்துத்தான் அது எங்களுக்குத் தெரிய வந்தது, அதுவும் பிந்தி. முகாமையாளர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. அதிகாரம் உங்களுடையது, அறியாமை அவருடையது, வீடு இன்னொருவருடையது.

பிறகு, ஆட்களை எழுப்புகிற விதம். வாங்கியவர் விற்பனைச் சான்றிதழோடு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், உடைமையைக் கையளிக்கும் கட்டளை பெற வேண்டும் என்பதே சட்டத்தின் வழி. அதற்கு முதல் மோட்டார் சைக்கிளில் வந்து கேற்றைத் தட்டி, "நாளைக்குள்ள சாமானைத் தூக்கோணும்" என்று சொல்கிறவர்கள் யார்? படிக்கிற பிள்ளைகளின் முன்னால், அயலட்டைக்குக் கேட்கிற மாதிரிக் கத்துகிறவர்கள் யார்? உங்கள் ஊழியர்கள் அல்லர் என்பீர்கள். வெளியில் அமர்த்திய அறவீட்டு நிறுவனம் என்பீர்கள். கூலி கொடுப்பது யார் என்று மட்டும் சொல்லுங்கள். போர்க்காலத்தில் ஒரே இரவில் வீட்டைவிட்டு வெளிக்கிட்ட சனம் இது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் நடந்து போனவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். கேற்றில் தட்டும் சத்தம் அவர்களுக்கு என்ன செய்யும் என்று கொழும்பில் இருந்து தெரியாது. நீதிமன்றக் கட்டளை இல்லாமல் எவரும் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று எழுத்தில் கட்டளையிடுங்கள், அதன் பிரதியை வீட்டுக்காரருக்கும் கொடுங்கள்.

நான் கேட்பதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஏலம் நடந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்குக் கடிதம், தமிழில், சபைச் செயலாளரின் கையெழுத்தோடு. தொடக்கத்தில் கொடுத்த முதல் எவ்வளவு, எந்த வருடம் எந்த வட்டி, ஏலத்தன்று நிலுவை எவ்வளவு, என்ன விலைக்குப் போனது, யார் வாங்கியது, ஒவ்வொரு செலவும் யாருக்கு எதற்காக, மிச்சம் யார் பக்கம். வாங்கியது வங்கி என்றால், மீட்க இன்னும் வழி உண்டு, இவ்வளவு கட்ட வேண்டும், இன்னாரோடு கதைக்க வேண்டும் என்று அதே கடிதத்தில். மறுபடி விற்க முன்னர் இன்னொரு கடிதம். விற்ற பிறகு விலையைச் சொல்லி இன்னொன்று. நிலுவை கேட்டு வழக்குப் போடுவதானால் இந்தக் கடிதங்கள் எல்லாம் போன பிறகு போடுங்கள். கணினியில் எல்லாம் இருக்கிறது. அச்சடித்துத் தபாலில் போடும் செலவை, வேண்டுமானால், அதையும் கடனாளியின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். இத்தனை செலவுக்குள் அது தெரியவா போகிறது?

நல்ல முகாமையாளர்களும் இருக்கிறார்கள். கடனாளியைக் கூப்பிட்டு, ஏலத்துக்கு விடாமல் நீங்களே வாங்குகிறவரைத் தேடுங்கள், நல்ல விலை வரும் என்று சொல்லி மாதக்கணக்கில் பொறுத்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்தக் குடும்பம் வீட்டை விற்றது, கடனை அடைத்தது, கையில் கொஞ்சம் மிஞ்சி நல்லூர்ப் பக்கம் சின்னதாக ஒரு வீடும் பார்த்தது. அவருக்கு உங்களிடம் இருந்து ஒரு பாராட்டுக் கடிதம் போனதாக நான் கேள்விப்படவில்லை. இடமாற்றம் போனதாகத்தான் கேள்விப்பட்டேன்.

இதன் பிரதி மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கும் போகிறது. 2023 இல் அவர்கள் நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தார்கள். அந்த விதிகள் கடன் கொடுக்கும் மேசையில் மட்டும் அல்லாமல் ஏலத்துக்குப் பிறகான கோப்பிலும் பார்க்கப்படுகின்றனவா என்று அவர்களையும் கேட்டிருக்கிறேன். இதை வாசிக்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: முதலில் வங்கிக்கு எழுத்தில் முறையிடுங்கள், பிரதியை வைத்திருங்கள். பதில் இல்லாவிட்டால் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்கோ வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனுக்கோ போகலாம். தரகருக்குக் கொடுக்க வைத்திருக்கும் இருபதாயிரத்தை ஒரு சட்டத்தரணிக்குக் கொடுங்கள்.

பணிப்பாளர்களே, எங்கிருந்து தொடங்குவது என்று யோசிக்க வேண்டாம். 2022 ஜனவரிக்குப் பிறகு யாழ்ப்பாணக் கிளைகளின் கடன்களுக்காக நீங்கள் நிறைவேற்றிய தீர்மானங்களின் பட்டியல் உங்கள் செயலாளரிடம் இருக்கும். அதில் எந்த வீடுகள் இன்னும் வங்கியின் பெயரிலேயே இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். அந்த வீட்டுக்காரர்களுக்குக் கடிதம் முதலில் போகட்டும். மற்றவர்களுக்கு அடுத்த மாதம் போனாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நொத்தாரிசு எழுதுவினைஞர் ஒருவர்,
கோண்டாவில்